நான்காவது பாட்டு

ஹிமி
மார்ச் 4

யுகாரிக்கு,

பனி கரைந்து தெரு முழுக்கச் சேறு. எனக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றபடி சுகம். கியோத்தோவில் உங்கள் பாட்டுக் குழுவில் மூன்று பேருக்கும் உடம்பு எப்படி? டொக்கிதாவையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு இடுப்பு என்னத்துக்கு ஆகும்!

என் மகன் ஷூஹெய் எனக்குக் கடைசியாக ஒரு வரி எழுதியது பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோது. அதனால் மாமியார் மருமகளுக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஃபோன் பண்ணலாமே என்பாய். சலூனில் ஃபோனை எடுத்தால், முகத்தில் நுரையோடு படுத்திருக்கிறவன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக் கேட்கிறான். கடிதம்தான் நல்லது.

உங்கள் இரண்டாவது ஆல்பத்தைத்தான் இன்னமும் கடையில் ஓட விடுகிறேன். மீன் ஏலம் விடுகிற ஹமாதானி போன வாரம் சவரத்துக்கு வந்தவர் அப்படியே தூங்கிப்போனார். எழுப்பினால், "இக்குகோ, உன் பிள்ளையும் மருமகளும் பாடறது பாட்டா, மயக்க மருந்தா?" என்கிறார்.

"மயக்க மருந்துதான். கழுத்துல கத்தி இருக்கு, பேசாம படுங்க" என்றேன்.

மூன்றாவது ஆல்பம் எப்போது? புத்தாண்டுக்கும் நீங்கள் வரவில்லை. பாட்டு வேலை என்றான் அவன். சரி, இருக்கட்டும். காய்ந்த மத்தி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். லேசாக வாட்டு, கருக விடாதே. அவன் வயிறு எப்படி இருக்கிறது என்று எழுது.

இக்குகோ


கியோத்தோ
மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

ஆற்றங்கரைச் செர்ரி மரங்களில் மொட்டு சிவந்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். வலி குறைந்துவிட்டது என்று முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மத்தி வந்தது. ஸ்டூடியோவில் வைத்தே டொக்கிதா வாட்டினார். பக்கத்து அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைகள் கிடாரோடு எழுந்து வந்துவிட்டார்கள். எங்கள் பாட்டுக்கு அவர்கள் ஒருநாளும் அப்படி எழுந்து வந்ததில்லை.

ஷூஹெய் நன்றாகச் சாப்பிடுகிறார். வயிற்றில் தொந்தரவு எதுவும் இல்லை என்றார்.

புதிய ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டுகள் தயார். ஜூன் மாதம் பதிவு. இந்த முறை நகரத்து ஸ்டூடியோ வேண்டாம் என்று மலைப்பக்கம் மியாமாவில் மூடிக் கிடக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். ஒரே மைக். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று பாட வேண்டும். ஒருவர் தவறினாலும் மூன்று பேரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஷூஹெய்யின் யோசனைதான்.

இனிமேல் பார்சல் அனுப்பினால் ஸ்டூடியோ முகவரிக்கே அனுப்புங்கள். வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை, கூரியர்காரர் வீணாக அலைகிறார். முகவரி கீழே இருக்கிறது.

குளிர் போய்விட்டது என்று கம்பளியைக் கழற்றிவிடாதீர்கள்.

யுகாரி


ஹிமி
ஏப்ரல் 30

யுகாரிக்கு,

இங்கே எல்லாம் பழையபடி. முட்டிக்கு ஒத்தடம் நடக்கிறது. சோயாவில் ஊறிய குட்டிக் கணவாய் இரண்டு புட்டி, நீ சொன்ன முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் கொடு.

முக்கியமான சங்கதி. ஆகஸ்ட் 18 ஷூஹெய்யின் அப்பாவுடைய ஏழாம் ஆண்டு நினைவு நாள். துறவி பத்து மணிக்கு வருகிறார். நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். திருவிழாவில் கச்சேரி, மலையில் கச்சேரி என்று காரணம் எழுதாதே. எழுதினால் அவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அங்கே வந்து மேடையில் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தூங்க இடம் இருக்கிறதா? மலைக் காற்று தொண்டைக்கு ஆகாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இக்குகோ


மியாமா
ஜூன் 17

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. தொண்டை நன்றாகவே இருக்கிறது. உங்களுக்கு ஈரத்தில் முட்டி அதிகம் வலிக்குமே என்று கவலை.

ஒன்பது நாளாக இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். நான் நூலக அறையில் தூங்குகிறேன், அவர்கள் இருவரும் இரண்டாம் வகுப்பில். சுற்றிலும் வயல், தவளைகள். நாங்கள் தொடங்கும் வரை சும்மா இருக்கும், தொடங்கியதும் ஆரம்பித்துவிடும். டொக்கிதா சன்னலைத் திறந்து, "ஒரு பாட்டு! ஒரே ஒரு பாட்டு முடிச்சுக்கறோம், அப்புறம் விடிய விடியக் கத்துங்க!" என்று வயலைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையாகவே அடங்கிவிட்டன. மூன்றாவது பாட்டின் கடைசியில் ஒன்று மட்டும் கத்துகிறது, அதை அப்படியே விட்டுவிட்டோம்.

சிரமப்பட்டது நான்காவது பாட்டுக்குத்தான். கொடியில் காயும் துணியைப் பற்றிய பாட்டு. நானும் ஷூஹெய்யும் எதிரெதிரே நின்று சேர்ந்து பாட வேண்டும். பதினேழு முறை பாடினோம், சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வேறு பக்கம் பார்த்துவிடுகிறோம். கடைசியில் டொக்கிதா தன் பெரிய வாத்தியத்தோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். அடுத்த முறையே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18 நினைவில் இருக்கிறது. இருவரும் வருகிறோம்.

யுகாரி


ஹிமி
ஜூலை 3

யுகாரிக்கு,

சுகம். வெயில் கொளுத்துகிறது. நீ இங்கே விட்டுப்போன கறுப்பு உடையை எடுத்து நிழலில் காயப் போட்டேன், பூச்சி அரிக்கவில்லை. அதைத் தேடி அலையாதே. பரிசு, பலகாரம் எதுவும் வாங்கி வர வேண்டாம், வந்தால் போதும்.

டொக்கிதா எதற்காக நடுவில் வந்து நின்றான்?

இக்குகோ


கியோத்தோ
ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. அவ்வளவு பேருக்குச் சமைத்த களைப்பு உங்களுக்கு ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம்.

நினைவு நாள் நன்றாக நடந்தது. துறவியின் மொட்டைத் தலையில் கொசு உட்கார்ந்ததும், அவர் ஓதிக்கொண்டே அதைப் பொறுத்துக்கொண்டதும், நீங்கள் என் தொடையைக் கிள்ளி "சிரிச்சே, கொன்னுடுவேன்" என்று முணுமுணுத்ததும் ரயிலிலும் நினைவுக்கு வந்து சிரித்தேன். மாமாவுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

அன்று படுக்கை போடும்போது, "இவன் குறட்டை விடறான்டி, உனக்குத் தூக்கம் கெட்டுடும். நீ என் ரூமுக்கு வா" என்றீர்கள். இத்தனை வருடத்தில் அவர் குறட்டை விட்டு நான் கேட்டதில்லை. உங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையேதான் யோசித்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. நீங்கள் விசிறியை எடுத்து எனக்கும் சேர்த்து வீசத் தொடங்கியதும் எனக்கு வாய் வரவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

ஆல்பம் செப்டம்பர் கடைசியில் கடைகளுக்கு வருகிறது. முதல் பிரதி உங்களுக்குத்தான்.

யுகாரி


கியோத்தோ
செப்டம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

காலையில் கொஞ்சம் குளிர் தெரிகிறது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் ஆல்பம். கடையில் எல்லோருக்கும் போடுவதற்கு முன்னால் நீங்கள் மட்டும் தனியாக ஒரு முறை கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

யுகாரி


கியோத்தோ
அக்டோபர் 29

அன்புள்ள அத்தைக்கு,

மலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து ஷூஹெய்யிடம் கேட்டேன். கடை திறந்துதான் இருக்கிறது என்று ஹமாதானி சொன்னாராம். அப்படியென்றால் காரணம் எனக்குத் தெரியும்.

போன நவம்பரில் நானும் ஷூஹெய்யும் வட்டார அலுவலகத்தில் விவாகரத்துப் படிவத்தைக் கொடுத்துவிட்டோம். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்று ஸ்டூடியோக்காரர் போட்டார், மற்றது டொக்கிதா. கையெழுத்துப் போடும்போது டொக்கிதாதான் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம். நான் இப்போது ஸ்டூடியோவுக்குப் பின் தெருவில் ஓர் அறையில் இருக்கிறேன். என் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பிவிட்டேன்.

யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. மாமாவின் நினைவு நாள் முடிந்ததும் இருவரும் சேர்ந்து சொல்லலாம் என்று பேசி வைத்திருந்தோம். அன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம். அவர் சொல்லாததற்கு அவருக்குக் காரணம் இருக்கும். என் காரணம் ஒன்றுதான். என் அம்மா அப்பா போன பிறகு 'கம்பளி போட்டுக்கொள்', 'கருக விடாதே' என்று எனக்கு எழுதுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். மருமகள் இல்லை என்று தெரிந்தால் எதற்காக எழுதுவீர்கள்? அதனால் மார்ச் மாதத்திலிருந்து உங்களுக்குப் பொய் எழுதினேன். ஷூஹெய் நன்றாகச் சாப்பிடுகிறார் என்பதைக்கூட அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

இனி உங்களை அத்தை என்று எழுதலாமா, தெரியவில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அனுமதியுங்கள். பனிக்காலம் வருகிறது, முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

யுகாரி


ஹிமி
நவம்பர் 12

யுகாரிக்கு,

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாதமாக எழுதாததற்கு முட்டியைச் சாக்குச் சொல்ல மாட்டேன். கோபம், அவ்வளவுதான்.

ஆல்பம் வந்ததும் திங்கள்கிழமை கடை விடுமுறையில், நீ சொன்னபடியே தனியாக, சவர நாற்காலியில் நானே சாய்ந்துகொண்டு கேட்டேன். முதலில் உறையைத் திருப்பிப் பார்த்தேன். முந்தைய இரண்டிலும் எல்லோருக்கும் குடும்பப் பெயர் போட்டிருந்தது. இதில் மூன்று பேருக்கும் வெறும் பெயர் மட்டும். டொக்கிதாவின் பெயர் மசாதோ என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மூன்று பாட்டு போயிற்று. தவளை நன்றாகவே பாடுகிறது. நான்காவது வந்தது. கொடியில் சட்டை, மழை வருகிறது, யார் எடுப்பது என்று என்னவோ வார்த்தைகள். வார்த்தையை நான் கவனிக்கவில்லை. நாற்பது வருடமாகச் சவரம் செய்கிறவள் நான். படுத்திருக்கிறவர் மூச்சை விடும்போது கத்தி நகர வேண்டும், இழுக்கும்போது நிற்க வேண்டும். முகத்தைப் பார்க்காமலே எனக்கு மூச்சு தெரியும். பழைய பாட்டுகளில் வாயைத் திறக்கும் முன் நீங்கள் இருவரும் ஒரே மூச்சாக இழுப்பீர்கள், ஒரே ஆள் என்று தோன்றும். இதில் அவன் இழுக்கிறான், நீ காத்திருக்கிறாய். அவன் முடித்த பிறகு நீ இழுக்கிறாய். குறுகலான வாசலில் பழக்கமில்லாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழி விடுகிற மாதிரி. நான் எழுந்து நிறுத்திவிட்டேன்.

சந்தேகம் முன்பே உண்டு. முகவரியை மாற்றினாய். நினைவு நாளன்று நீ தட்டை எடுத்து வந்தபோது அவன் எழுந்து, "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். கட்டின பெண்டாட்டியை எவன் 'நீங்க' என்பான்? அதனால்தான் பாவம், அவன் தலையில் குறட்டைப் பழியைப் போட்டேன்.

பிரிந்ததற்காகக் கோபம் இல்லை. டொக்கிதாவுக்குத் தெரியும், ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியக் கூடாதா? உன் கடிதம் வந்ததும், ஹமாதானியை நாற்காலியில் வைத்துக்கொண்டே ஷூஹெய்க்கு ஃபோன் போட்டேன்.

"டேய், நான் உயிரோட இருக்கேனா?"

"என்னம்மா காலங்காத்தால…"

"இருக்கேனா, இல்லையா?"

"இருக்கே."

"அப்ப எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொன்னா நீ யுகாரிக்கு லெட்டர் போடறத நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா. அவளுக்கு வர்ற ஒரே லெட்டர் உன்னோடதுதான்" என்றான்.

நான் ஃபோனை வைத்துவிட்டேன். ஹமாதானி நுரையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோப்பு பட்டுவிட்டதாம்.

யார் மேல் தப்பு என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பிரிந்த பிறகும் அவனோடு நின்று எதற்குப் பாடுகிறாய்? உனக்கு வேறு ஆள் கிடைக்காதா? இதற்குப் பதில் வந்த பிறகுதான் மிச்சம் ஆறு பாட்டையும் கேட்பேன்.

அத்தை என்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். வேறு என்னவென்று எழுதுவாய்? சலூன்காரம்மா என்றா?

கம்பளி போட்டுக்கொள்.

இக்குகோ


கியோத்தோ
நவம்பர் 21

அன்புள்ள அத்தைக்கு,

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறேன். கம்பளி போட்டிருக்கிறேன்.

எதற்குப் பாடுகிறாய் என்று கேட்டீர்கள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் பாட முடிந்திருக்காது. கடைசி நான்கு வருடம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அவர் பேசினால் எனக்குக் காதில் விழாது, நான் பேசினால் அவருக்கு விழாது. ஒருநாள் சாப்பிடும்போது, "நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், "தெரியல, யுகாரி" என்றார். பிறகு, "போன வாரம் நான் அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னேன், அது என்ன?" என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அன்றுதான் முடிவு செய்தோம்.

நீங்கள் கேட்ட மூச்சு உண்மை. பழைய ஆல்பங்களில் நான் அவரோடு சேர்ந்து மூச்சு இழுத்தேன் என்றால், அது பழக்கம். அவரை நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று இழுத்தேன். இந்த நான்காவது பாட்டில்தான் அவர் முடிக்கிற வரை நின்று கேட்டேன். அவரும் என்னைக் கேட்டார். எங்களால் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை, அத்தை. ஒரு மைக் முன்னால் நிற்க முடிகிறது. அதையும் விட்டுவிட மனம் வரவில்லை.

மிச்சம் ஆறு பாட்டையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

யுகாரி


ஹிமி
டிசம்பர் 10

யுகாரிக்கு,

நான் சுகம். மிச்சம் ஆறு பாட்டையும் கேட்டேன், பிறகு நான்காவதை மறுபடி போட்டுக் கேட்டேன். காத்திருப்பதற்கும் விலகி நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு, எனக்கு அன்று பிடிபடவில்லை. இப்போது கடையில் இதுதான் ஓடுகிறது. ஹமாதானி, "இந்தத் தடவ தூக்கமே வரல இக்குகோ, என்னமோ பண்ணுது" என்கிறார். ஏழாவது பாட்டு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, நீளம் அதிகம். டொக்கிதாவிடம் சொல்.

முந்தாநாள் இரவு கடல் பக்கம் இடி இடித்தது. இடித்தால் புரி மீன் கரைக்கு வரும். காலையில் சந்தைக்குப் போய் ஒன்பது கிலோ மீன் ஒன்று எடுத்தேன். இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது.

இங்கே ஒரு வழக்கம், உன்னிடம் நான் சொன்னதில்லை. கல்யாணம் ஆன முதல் குளிர்காலத்தில் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு முழுப் புரி மீன் வரும். மாப்பிள்ளை வீட்டார் அதில் பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். உன் கல்யாணத்தின்போது உனக்கு அம்மா அப்பா இல்லை. யார் அனுப்புவார்கள்? உன்னிடம் சொன்னால் கடன் வாங்கியாவது அனுப்புவாய் என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் கேட்பார்களே! நானே சந்தையில் ஒன்று வாங்கி, 'மருமகள் வீட்டு மீன்' என்று வாசலில் வைத்து வெட்டி, நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். ஷூஹெய்யின் அப்பா மட்டும் "பெண் வீட்டார் நல்ல மீனா பாத்துத்தான் எடுத்திருக்காங்க" என்று சிரித்தார்.

ஆக, உனக்குப் பெண் வீடாக நான் ஒரு முறை இருந்துவிட்டேன். அது பழகிப்போயிற்று. இந்த முறை உன் புது அறைக்கு அனுப்புகிறேன். நீ இப்போது யார் வீட்டு மருமகளும் இல்லை, அதனால் பாதியைத் திருப்பித் தரும் கடமை உனக்குக் கிடையாது. முழுவதும் உனக்கு. குளிரில் பத்து நாள் தாங்கும்.

புத்தாண்டுக்கு வா. அவன் வந்தாலும் வா, வராவிட்டாலும் வா.

இக்குகோ


கியோத்தோ
டிசம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று இங்கே முதல் பனி. மீன் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் அறையின் குளிர்பெட்டி அதன் தலைக்குக்கூடப் போதாது. ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டொக்கிதா ஒரு முனை, ஷூஹெய் ஒரு முனை. உங்கள் கடிதத்தை ஷூஹெய்யிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போனவர், திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "வெங்காயம் வாங்கப் போனேன்" என்றார். கையில் வெங்காயம் இல்லை.

நான்தான் வெட்டினேன். "தலைப் பக்கமா, வால் பக்கமா, எது அம்மாவுக்கு?" என்று கேட்டேன். "வாலை அனுப்பினா என்னைத்தான் திட்டுவாங்க. தலைப் பக்கம்" என்றார். கடமை இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். தெரியும். ஆனாலும் பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மீதியை நாங்கள் மூன்று பேரும் பக்கத்து அறைப் பிள்ளைகளும் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டோம். ஏழாவது பாட்டை மேடையில் இரண்டு சரணத்தோடு முடிக்க டொக்கிதா ஒப்புக்கொண்டார்.

முப்பதாம் தேதி மதிய ரயிலில் வருகிறேன். ஷூஹெய் முதல் தேதி வருகிறார்.

கூரியர் திங்கள்கிழமை காலை வரும், வீட்டில் இருங்கள். பெட்டியின் மேல் அனுப்புநர் இடத்தில் நகாஓ யுகாரி என்று இருக்கும். என் பிறந்த வீட்டுப் பெயர், நீங்கள் அதைப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். யாரோ என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அத்தை. நான்தான்.

யுகாரி